பின்கால் வந்து சேரும் சத்தம்

எங்கள் தாய் சி மாஸ்டர் பாதி வகுப்பு நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். புதிதாகச் சேர்பவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். மரத்தரை போட்ட கூடம் அது. எட்டுப் பேர் வரிசையில் நின்று முன்னால் ஓர் அடி வைப்போம். பின்கால் அரையடி தொடர்ந்து வந்து நிற்கும். மறுபடியும் ஓர் அடி, மறுபடியும் அரையடி. கைகள் இடுப்பில். குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. அரை மணி நேரம் இதேதான். நடுவில், கண்ணைத் திறக்காமலேயே அவர் சொல்வார்: "இடது பக்கம் ரெண்டாவது ஆளு. உங்க கால்ல ரெண்டு சத்தம் தனித்தனியா கேக்குது."

அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

முன்கால் ஊன்றும்போது ஒரு சத்தம் எழும். பின்கால் வந்து சேரும்போது இன்னொன்று. இரண்டும் ஒட்டிக் கேட்க வேண்டும், முதல் சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது அதில் கலந்துவிட வேண்டும் என்பார். நடுவில் இடைவெளி விழுந்தால் இடுப்புக்கு மேலே ஒரு உடம்பு, கீழே ஒரு உடம்பு என்று இரண்டாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஆறு வருடமாக நான் கற்றுக்கொண்டிருக்கும் கலையின் மையம் அந்த இடைவெளியில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வெறும் கால் வலிதான் தெரிந்தது.

கற்பது சுன் பாணி தாய் சி. சிங்யீ, பாகுவா, தாய் சி என்ற மூன்று சீன 'உள்வழி'ப் போர்க்கலைகளையும், அதாவது தசை பலத்தைவிட உடம்பின் ஒருங்கிணைப்பை நம்பும் கலைகளையும், ஒரே உடம்பில் பழகி, அதிலிருந்து சுன் லூதாங் என்பவர் உருவாக்கிய பாணி. பொதுவாகத் தாய் சி என்றால் நம் நினைவுக்கு வருவது பூங்காவில் மெதுவாகக் கையை அசைத்துக்கொண்டிருக்கும் கூட்டம். அவர்களில் பலர் செய்வது 1956-இல் தாய் சியின் இன்னொரு வகையான யாங் பாணியைச் சுருக்கி அமைத்த 24 நிலைத் தொடர். அதையும் நான் செய்திருக்கிறேன். அழகான தொடர். ஆனால் அதில் கால் நீளமாகப் போகும், உடம்பு தாழ்வாக இருக்கும். சுன் பாணியில் நிமிர்ந்து நிற்பீர்கள், அடிகள் சின்னவை, ஒரு கால் போனால் மற்றது உடனே கூடவே வரும். "முன்னேறினால் பின்கால் தொடரும், பின்வாங்கினால் முன்கால் விலகும்" என்பது இந்தப் பாணியின் அடிப்படை விதி.

இதற்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் கராத்தே செய்தேன். அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு தாய் சி வகுப்பில் எட்டு மாதம். அங்கே முதல் நாளிலிருந்தே தாழ்ந்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த நிலையிலேயே, எடை தாங்கும் காலைத் தரையோடு திருப்பச் சொன்னார்கள். முட்டி வலிக்கிறது என்றபோது வலிதான் பாடம் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தொடர்ந்தது என் தவறு. கராத்தேயில் வலியைப் பொறுத்துக்கொள்வது எனக்குப் பெருமையாகவே பழகியிருந்தது. வலது முட்டி வீங்கி, இரண்டு மாதம் படிக்கட்டில் பிடித்துப் பிடித்து இறங்கினேன். எடை நிற்கும் காலை முட்டியிலிருந்து முறுக்கக் கூடாது, திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது. இதைச் சொல்லாத எந்த வகுப்பிலும் தயவுசெய்து தொடராதீர்கள்.

வலி குறைந்த பிறகு, முட்டிக்குக் கெடுதல் செய்யாத பாணி எது என்று தேடித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். மூட்டுவாதம் உள்ளவர்களுக்காக 1997-இல் டாக்டர் பால் லாம் உருவாக்கிய பயிற்சித் திட்டம் சுன் பாணியை அடிப்படையாகக் கொண்டது என்று படித்திருந்தேன். உயர்ந்த நிலை, சின்ன அடி, ஒரே காலில் நெடுநேரம் எடை நிற்காத நடை. எனக்கு அது போதும் என்றுதான் வந்தேன். அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

சுன் லூதாங் 1860-இல் சீனாவின் ஹெபெய் பகுதியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சிறு வயதில் சிங்யீ கற்கத் தொடங்கி, லீ குய்யுவானிடமும் பிறகு அவருடைய குரு குவோ யுன்ஷென்னிடமும் பயின்றார். குவோ என்றால் 'அரை அடி பெங் குத்து', பின்கால் அரை அடி தொடர்ந்து வர நேராகப் பாயும் குத்து. அந்த ஒரே குத்தால் நாடு முழுக்க வென்றவர் என்ற பெயர் அவருக்கு. சிறையில் கால் விலங்கோடு பயிற்சி செய்ததால்தான் அந்த அரை அடி உருவானது என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, அந்த அரை அடி உண்மை. மரத்தரையில் நாங்கள் இழுக்கும் பின்காலில் அது இருக்கிறது.

பிறகு பெய்ஜிங்கில் பாகுவா. குரு செங் திங்ஹுவா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். 1900-இல் பாக்ஸர் கிளர்ச்சியை அடக்க எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தபோது கொல்லப்பட்டார். வட்டத்தில் நடந்து நடந்து, எதிராளியின் முதுகுப் பக்கம் போய்ச் சேரும் கலையை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்குத் துப்பாக்கிக் காலத்தில் அப்படி ஒரு முடிவு. அந்த வரியை முதலில் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

எனக்கு நெருக்கமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய சுன், இரண்டு கலைகளில் ஊரறிந்த ஆசான். 1910-களின் தொடக்கத்தில் பெய்ஜிங்குக்கு வந்த ஹாவ் வெய்ஜென் என்ற தாய் சி ஆசிரியர் வந்த இடத்தில் நோயில் விழுந்தார். வெளியூர்க்காரர், முன்பின் பழக்கமில்லை. சுன் அவரைக் கவனித்துக்கொண்டார், வைத்தியம் பார்க்க வைத்தார், தேறும்வரை துணை நின்றார். அந்த நன்றிக்கு ஹாவ் தன் கலையைச் சொல்லிக்கொடுத்தார். ஏற்கனவே ஆயிரம் பேருக்குக் கற்றுத்தரக்கூடிய ஒருவர், அந்த வயதில் மாணவனாகப் போய் நின்று, கையை எப்படித் தூக்குவது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். நான் நாற்பத்து மூன்று வயதில் கறுப்புப் பட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியவர்கள் வரிசையின் கடைசியில் நின்றபோது இந்தக் கதைதான் என்னைத் தாங்கியது.

1915-இல் சிங்யீ பற்றியும் 1916-இல் பாகுவா பற்றியும் 1921-இல் தாய் சி பற்றியும் நூல் வெளியிட்டார் சுன். குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த விஷயங்களை அச்சில் ஏற்றியது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். மூன்று கலைகளையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் வழக்கம் பரவியதில் அந்த நூல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1928-இல் நான்ஜிங்கில் மத்திய குவோஷு (தேசியப் போர்க்கலை) நிறுவனம் தொடங்கியபோது அங்கேயும் அவர் பொறுப்பில் இருந்தார். 1933-இல் இறந்தார். மகள் சுன் ஜியன்யுன் 2003-இல் இறக்கும்வரை அந்தப் பாணியைக் கற்றுக்கொடுத்தார். இன்று நாங்கள் செய்வது பெரும்பாலும் அவர் கைவழி வந்தது.

சரி, கலப்பு என்றால் என்ன? இந்தக் கேள்வியில்தான் நான் நெடுநாள் மாட்டிக்கொண்டேன். மூன்று பாத்திரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நான்காவது பாத்திரத்தில் ஊற்றுவது போல என்று நினைத்தேன். தொடரைச் செய்யும்போது 'இது சிங்யீ, இது பாகுவா' என்று மனதுக்குள் பெயர் ஒட்டிக்கொண்டே போவேன். மாஸ்டரிடம் ஒருநாள் பெருமையோடு சொன்னேன். "மூணையும் தனித்தனியா செய்யுங்க, ரெண்டு வருஷம். அப்புறம் பேசலாம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எனவே முதலில் நிற்பது. சிங்யீயின் அடிப்படை நிலைக்கு சான்டி என்று பெயர். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, எடையில் பெரும்பகுதி பின்காலில். முன்கை மார்புக்கு நேரே நீண்டிருக்கும், முழங்கை மடங்கித் தொங்கும். பின்கை தொப்புளருகே. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வளைவு அரை வட்டமாகத் திறந்திருக்கும். அதைப் 'புலிவாய்' என்பார்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் பின்தொடை நடுங்கத் தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில் தோள் தானாகக் காதை நோக்கி ஏறும். அதைக் கீழே விட்டால் தாடை இறுகும். தாடையைத் தளர்த்தினால் கால் விரல்கள் தரையைக் கவ்வும். இறுக்கம் உடம்புக்குள் ஓடி ஓடி ஒளிந்துகொள்கிறது. துரத்திக்கொண்டே போக வேண்டும். சீனத்தில் 'சோங்' என்று ஒரு சொல் உண்டு. தளர்ச்சி என்று சொன்னால் துவண்டு விழுவது போல ஆகிவிடும். அவிழ்ந்து நிற்பது என்று சொல்லலாம். முடிச்சு அவிழ்ந்த கயிறு அப்போதும் கயிறாகத்தானே இருக்கிறது. பதினான்கு நிமிடம் நிற்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சிங்யீயின் ஐந்து குத்துகளும் ஐந்து பொருள்களின் பெயரில் இருக்கின்றன. கோடரி போல மேலிருந்து பிளந்து இறங்கும் பீ உலோகம். திருகிக்கொண்டு ஏறும் ஜுவான் நீர். நேராகப் பாயும் பெங் மரம். வெடிக்கும் பாவ் நெருப்பு. குறுக்கே உருளும் ஹெங் மண். நாம் சொல்லும் ஐம்பூதத்தில் காற்றும் வானமும் உண்டு. இவர்கள் கணக்கில் அவை இல்லை, உலோகமும் மரமும் இருக்கின்றன. பெங் குத்து மட்டும் நான் ஒரு நாளைக்கு இருநூறு போடுவேன். கராத்தேயில் என் குத்துக்கு இடுப்பு திரும்பும், முன்கால் பூட்டிக்கொள்ளும், பின்கால் தரையில் ஊன்றித் தள்ளும். இங்கே பின்கால் தள்ளிவிட்டு அங்கேயே நிற்பதில்லை, கூடவே வந்துவிடுகிறது. குத்து போய்ச் சேரும் நொடியில் பின்காலும் வந்து சேர வேண்டும். அப்போது கையில் வருவது தோளின் பலத்தோடு நிற்காது, மொத்த உடம்பும் ஓர் அடி நகர்ந்த எடை அதில் ஏறிக்கொள்ளும். முதல் முறை அது சரியாக விழுந்தபோது பயிற்சித் திண்டைப் பிடித்திருந்த நண்பர் இரண்டடி பின்னால் போனார். நான் எந்தச் சிரமமும் படவில்லை. அதனாலேயே எதையும் செய்யவில்லை என்று நினைத்தேன்.

பாகுவா எனக்கு வரவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் ஓரமாகச் சேற்றில் நடப்பது போலப் பாதத்தைத் தட்டையாக வழுக்கி வைத்து நடக்க வேண்டும், கண் வட்டத்தின் நடுவில். திசை மாற்றும்போது முன்பாதத்தை உள்பக்கம் கொக்கி போல வளைத்து வைக்கும் அடிக்குக் 'கோவ்', வெளிப்பக்கம் திறந்து வைக்கும் அடிக்குப் 'பாய்'. எழுதும்போது இரண்டே அடி. செய்யும்போது எனக்குத் தலை சுற்றும், வட்டம் முட்டையாகிவிடும். இப்போதும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கோவ் அடிதான் எனக்குக் கலப்பைக் காட்டிக்கொடுத்தது. சுன் தாய் சியில் திசை திரும்பும் இடங்களில் 'கை-ஹ' என்று ஓர் அசைவு வரும்; சீனத்தில் அதற்குத் திறப்பதும் மூடுவதும் என்று பொருள். இரண்டு உள்ளங்கைகளும் மார்புக்கு முன்னால் ஒன்றையொன்று பார்த்திருக்கும், நடுவில் ஒரு பந்தைப் பிடித்திருப்பது போல. மூச்சை உள்ளே இழுக்கும்போது தோள் அகலத்துக்குத் திறக்கும். விடும்போது முக அகலத்துக்கு மூடும். நான் அதைத் தொடரின் நடுவில் வரும் ஓய்வாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் ஒரு காலையில், திரும்பும்போது என் முன்பாதம் தானாகக் கொக்கியாக வளைந்தது. வளைந்ததும் இடுப்பு மூட்டு மூடியது. இடுப்பு மூடியதும் பின்கால் வந்து ஒட்டியது, அது பெங் குத்தில் வரும் அதே அரை அடி. பின்கால் ஒட்டியதும் கைகள் தாமாகத் திறந்தன. பாகுவா திருப்பியது, சிங்யீ கொண்டுவந்து சேர்த்தது, தாய் சி திறந்தது. நான் பெயர் ஒட்டத் தேடிய எல்லை எங்குமே இல்லை. கைகளில் தேடிக்கொண்டிருந்தேன், மூன்றும் சந்தித்துக்கொண்டிருந்தது காலடியில்.

சுன் வழியில் ஓர் உவமை சொல்வார்கள். சிங்யீ இரும்புப் பந்து, உள்ளும் புறமும் கெட்டி. பாகுவா கம்பிவலைப் பந்து, அமுக்கினால் அமுங்கி எகிறும். தாய் சி காற்றடைத்த தோல் பந்து, எங்கே தொட்டாலும் உருண்டு போகும். மூன்றும் பந்து. முன்பு இதைக் கேட்டபோது வேறுபாடுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இந்தக் கலைகளைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு உதவுமா என்ற கேள்வி வந்தே தீரும். தொடாமலே ஆளைத் தூக்கி எறியும் காணொளிகளை நான் நம்பவில்லை. சீடர்கள் குருவுக்காகத் துள்ளி விழுகிறார்கள், அவ்வளவுதான். 2017-இல் செங்டுவில் ஒரு எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டை) வீரர், தாய் சி ஆசிரியர் ஒருவரைச் சில விநாடிகளில் தரையில் சாய்த்தார். அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் வகுப்பில் சிலர் அதைப் பார்க்கவே மறுத்தார்கள். பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்க்கும் ஆளோடு பழகாத கை, எந்தக் கலையின் கையாக இருந்தாலும், அடி விழும்போது என்ன செய்வதென்று அறியாது. சுன் லூதாங்கின் தலைமுறையில் யாரும் தொடரை மட்டும் செய்து பெயர் வாங்கவில்லை. பெயர் வேண்டுமென்றால் கை கலந்து பார்த்தார்கள். எங்கள் மாஸ்டரும் வாரத்தில் ஒருநாள் எங்களைத் தள்ளுகைக்கு நிறுத்துவார்.

தள்ளுகையில் இருவரும் மணிக்கட்டை மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு, வட்டமாகச் சுற்றிக்கொண்டே, மற்றவரின் சமநிலை குலையும் இடத்தைத் தேட வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு அக்கா இருக்கிறார், என் பாதி எடை. முதல் வருடம் முழுக்க அவரிடம் தோற்றேன். நான் தள்ளுவேன், தள்ளிய இடத்தில் அவர் இருக்க மாட்டார். நான் நிறுத்துவேன், அவருடைய இன்னொரு கை என் முழங்கையில் இலை விழுந்தது போல வந்து உட்காரும், என் குதிகால் தரையை விட்டுவிடும். "என்னக்கா செய்றீங்க?" என்று கேட்டேன். "நீங்க தள்ளப் போறது உங்க பின்கால்ல முதல்லயே தெரியுது தம்பி. கை அப்புறம்தானே வருது" என்றார். கை ஒட்டியிருக்கிறது; ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் காலை. இதற்குச் சீனத்தில் 'திங் ஜின்' என்று பெயர். திங் என்றால் கேட்பது. தொடுகையால் கேட்பதைக் காதால் கேட்பதற்கான சொல்லாலேயே சொல்கிறார்கள்.

மாஸ்டர் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று அன்றுதான் விளங்கியது.

போன மாதம் பாதி வகுப்பில் என்னை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க, யாருக்கு என்னன்னு." மூடினேன். ஏழு பேரின் காலடிகள் முதலில் மழை போல ஒரே இரைச்சலாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் பிரியத் தொடங்கின. ஒருவர் பின்காலை இழுக்கிறார், மரத்தில் துணி உரசுவது போல. ஒருவருக்கு முன்கால் கனமாக விழுகிறது. வேறொருவருக்கு இரண்டு சத்தம், நடுவில் நன்றாக இடைவெளி, என் பழைய சத்தம் அது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு வலது ஓரத்திலிருந்து ஒரு காலடி கேட்டது. ஊன்றும் சத்தமும் சேரும் சத்தமும் ஒட்டி, தாழ்ந்த ஒரே ஒலியாக. ஒருமுறை தற்செயலாக இருக்கலாம். அடுத்த அடியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பொறுக்காமல் கண்ணைத் திறந்துவிட்டேன். சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண். கை இடுப்பில், பார்வை நேராக, தான் செய்வது என்னவென்று அவளுக்கே தெரியாத முகம்.

"மாஸ்டர், அந்தப் பொண்ணு" என்றேன் மெதுவாக.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பேசாம கேளுங்க" என்றார்.